மண் திரும்பும் வழி

1

நம் விமர்சனத்தில் 'மண்வாசனை' என்றொரு வார்த்தை ரொம்ப காலமாகப் புழங்கி வருகிறது. ஒரு நாவலில் வட்டார வழக்கும் இரண்டு பழமொழியும் ஒரு கோயில் கொடையும் இருந்துவிட்டால் போதும், மண்வாசனை கமழ்கிறது என்று எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். வாசனையைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அந்த மண் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது, யார் சுமக்கிறார்கள் என்று ஒருமுறையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மண் நமக்கு ஒரு படிமம். படிமத்தை மழை கரைப்பதில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போக யாரும் அனுமதிச் சீட்டு கேட்பதுமில்லை.

இந்தக் கட்டுரை படிமத்தைப் பற்றியதல்ல. ஸ்ரீபெரும்புதூர்–ஓரகடம் வட்டாரத்து மண்ணைப் பற்றியது. கூடையில் அள்ளக்கூடிய, கன மீட்டரில் அளக்கக்கூடிய, ஸ்தூலமான மண். அது மேட்டிலிருந்து இறங்கியது, ஏரியில் தங்கியது, மறுபடி வயலுக்கு ஏறியது, ஒரு கட்டத்தில் ஏறாமலே போனது என்ற சரித்திரம் இது. அந்த மண்ணை நம்பி உலை வைத்த வீடுகளின் சரித்திரமும் இதற்குள்ளேயே இருக்கிறது.

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், ஓரகடம் தாண்டி, ஒரு காலிமனையைப் பார்த்தேன். தொழிலாளர் விடுதி ஒன்று கட்டுவதற்காகச் சாலை மட்டத்துக்கு மேலே நிரவியிருந்தார்கள். கொட்டியிருந்தது அந்த இடத்து மண் அல்ல. சுற்றிலும் செம்மண்ணும் சரளையும். இதுவோ கறுத்து, நனைந்தால் வழுக்கி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிற மண். குனிந்து பார்த்தபோது அதில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள் கிடந்தன. தண்ணீரில் வாழ்கிற நத்தை. ஏதோ ஓர் ஏரியின் அடிமண் அங்கே அஸ்திவாரத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

டீக்கடையில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "ஏரி மண்ணு ஒரு வாட்டி அடிச்சா மூணு நாலு வருசத்துக்கு நெலம் எதுவும் கேக்காது சார், அது பாட்டுக்கு வெளையும்" என்றார். இப்போது என்றேன். "இப்ப நெலமும் எதுவும் கேக்கல, நாங்களும் எதுவும் கேக்கல" என்றார். சலிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. விவரம் சொல்கிற குரல்தான் அது. இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் நடந்தது என்ன என்பதுதான் என் விஷயம்.

2

இந்த வட்டாரம் கண்ணுக்குச் சமதரையாகத்தான் தெரியும். தண்ணீருக்கு அது சமதரை அல்ல. மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிற நிலம். அந்தச் சரிவின் குறுக்கே மண்கரை போட்டு, ஒன்றின் கலங்கல் நீர் அடுத்ததற்கு வரத்தாகும்படி சங்கிலியாக அமைந்தவை தொண்டைமண்டலத்து ஏரிகள். பிள்ளைப்பாக்கமும் நேமமும் நிறைந்து வழிந்தால் செம்பரம்பாக்கம்; செம்பரம்பாக்கம் வழிந்தால் அடையாறு; அதற்கப்புறம் கடல். ஐப்பசி கார்த்திகையில் மழை சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கோடை முழுக்கக் காய்ந்து பொடியாகிக் கிடக்கிற மேட்டு நிலத்தில் அது விழுகிறபோது தண்ணீரோடு மண்ணும் இறங்குகிறது.

எல்லா மண்ணும் இறங்குவதில்லை. கனமான மணலும் சரளையும் மேட்டிலேயே தங்கிவிடும். நுண்ணிய களித்துகளும் அதில் ஒட்டிய மக்கும் முதலில் கிளம்பிவிடும். ஈரத்தைப் பிடித்து வைப்பது அந்தக் களி. பயிருக்குச் சத்தைக் கொடுப்பதில் பெரும்பங்கு அந்த மக்குக்கு. ஆகவே அரிப்பில் நிலம் குறைகிறது என்பதைவிட, மிஞ்சுகிற நிலம் ஏழையாகிறது என்பதுதான் சரி. மேட்டுப் புஞ்சையில் கேழ்வரகு போட்டவன் இதை மண் போனதாக உணர்வதில்லை. முன்பு இரண்டு வாரம் மழையில்லாமல் நின்ற பயிர் இப்போது பத்து நாளில் துவள்கிறது. 'மழை ஏமாத்திடுச்சு' என்கிறான். மழை பெய்ததைப் பெய்தது. அதை வைத்துக்கொள்ள அவன் காலடியில் இருந்ததுதான் இப்போது இல்லை. நெல் வாரத்துக்கும் விற்பனைக்கும் போனாலும், வீட்டில் கூழாக நின்றது இந்தப் புஞ்சைத் தானியம். அரிப்பு முதலில் கை வைப்பது அந்தக் கூழ்ப்பானையில்.

இந்தியாவின் மண்ணரிப்பைப் பற்றி 1983-இல் துருவ நாராயணா, ராம் பாபு என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆண்டுக்கு 533 கோடி டன் மண் இடம் பெயர்கிறது. சராசரியாக ஹெக்டேருக்கு 16 டன்னுக்குக் கொஞ்சம் மேல். வயலில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் யார் கண்ணுக்கும் படாது. ஒரு தலைமுறையில் ஓர் அங்குலத்தைத் தாண்டிவிடும். இந்தத் தொகை அடிக்கடி மேற்கோளாகிறது. அதே கணக்கில் இருக்கிற இன்னொரு செய்தியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பெயர்ந்த மண்ணில் கடலுக்குப் போவது சுமார் 29 சதவீதம். நீர்த்தேக்கங்களில் படிவது 10 சதவீதம். மிச்சமுள்ள 61 சதவீதம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறுகிறது, அவ்வளவே. அதாவது பெரும்பகுதி மண் தொலைந்து போகவில்லை. பக்கத்தில்தான் எங்கேயோ கிடக்கிறது. அதை எடுத்து வருகிற கை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த வேறுபாட்டை நம் பாஷை அறிந்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 'மண்ணரிப்பு' என்ற பெயர் புத்தகத்திலிருந்து வந்தது. 1930-களில் அமெரிக்காவின் சமவெளிகளில் புழுதிப்புயல் கிளம்பி, 1935-இல் அங்கே மண் பாதுகாப்புக்கென்று ஒரு துறையே ஏற்பட்டதற்குப் பிறகு உலகம் முழுவதும் பரவிய சிந்தனையின் தமிழ் வடிவம் அது. வயலில் நிற்கிறவன் 'மண்ணு அறுத்துக்கிட்டுப் போச்சு' என்பான். போகிற மண்ணுக்கு அவனிடம் வினைச்சொல்தான். வந்து சேர்கிற மண்ணுக்கோ வண்டல், தூர், எக்கல், படுகை என்று வரிசையாகப் பெயர்ச்சொற்கள். போவது ஒரு சம்பவம், வருவது ஒரு பொருள் என்று பார்த்த வாழ்க்கை அது. போவதைத் தடுக்க முடியாது என்று தெரிந்து, வருவதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

பிடித்துக்கொண்ட இடம் ஏரி. கோடையில் ஏரி வற்றியதும் உள்வாயில் படிந்த வண்டலை வெட்டி, மாட்டுவண்டியிலும் தலைச்சுமையாகவும் வயலுக்கு அடித்தார்கள். ஒரே வேலையில் இரண்டு பலன். ஏரி ஆழமாயிற்று, வயல் கொழுத்தது. ஏரி ஆழமானால் சம்பாவுக்கு அப்புறம் நவரைக்கும், சில வருஷம் சொர்ணவாரிக்கும் தண்ணீர் நிற்கும். தூர் ஏறினால் முதலில் போவது அந்த இரண்டாவது மூன்றாவது போகம்தான். மேட்டில் மண் போனதற்கும் பள்ளத்தில் ஒரு போகம் போனதற்கும் காரணம் ஒரே மண். அது இல்லாத இடத்தில் ஒரு குறை, கூடாத இடத்தில் ஒரு குறை.

இது நமக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று பெருமைப்பட வேண்டாம். அமெரிக்க மண்ணியல் அறிஞர் எஃப்.எச். கிங் 1909-இல் சீனா, கொரியா, ஜப்பான் போய்வந்தார். அவருடைய புத்தகம் 1911-இல் வந்தது. சீன விவசாயிகள் கால்வாய்ச் சேற்றை டன் கணக்கில் அள்ளி வயலில் போடுவதை அதில் வியப்போடு விவரிக்கிறார். கீழே போனதை மேலே கொண்டுவருவது என்ற எளிய காரியத்தின் மேல்தான் ஆசியாவின் பழைய விவசாயம் நின்றிருந்தது.

3

எளிய காரியம் என்றேன். செய்தவன் யார் என்று கேட்டால் அது அவ்வளவு எளிதாக இல்லை.

இதே மாவட்டத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் வருகிறது. குடவோலையை ஜனநாயகத்தின் தொட்டில் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட யாருக்குத் தகுதி என்பதையும் அதே கல்வெட்டு ஒளிக்காமல் சொல்கிறது. இறை கட்டுகிற கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35-க்கு மேல் 70-க்குள் வயது. ஏரியைக் குழி தோண்டி மண் எடுத்துக் கரையில் போட நிலமும் பொன்னும் விட்ட சாசனங்கள் தொண்டைமண்டலத்தில் உண்டு. ஏரிப்பட்டி என்று அதற்கென்றே நிலம் ஒதுக்கினார்கள். பொன் கொடுத்தவன் பெயர் கல்லில் இருக்கிறது. வாரியத்தில் உட்கார்ந்தவன் பெயர் குடத்தில் விழுந்தது. கூடை தூக்கியவன் பெயர் இரண்டிலும் இல்லை.

எண்ணூறு ஆண்டுகள் தாண்டி வருவோம். 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தான். ஸ்ரீபெரும்புதூர் அதற்குள் அடக்கம். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற கம்பெனி எஞ்சினீயர் இந்த ஜாகீரைச் சர்வே செய்தான். சுமார் இரண்டாயிரம் ஊர்கள். நிலம், ஏரி, வீடு, விளைச்சல், அந்த விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு என்பது வரை கணக்கு. பின்னாளில் தரம்பால் இந்தக் கணக்குகளை எடுத்துக்காட்டி, கம்பெனிக்கு முந்திய கிராமம் பற்றிய நம் அபிப்பிராயங்களை அசைத்துப் பார்த்தார். களத்தில் நெல்லை அளந்து சர்க்காருக்கும் குடிக்கும் பிரிப்பதற்கு முன்பே கோயிலுக்கு, ஏரிக்கு, நீர்க்கட்டிக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, குயவனுக்கு, வண்ணானுக்கு, வெட்டியானுக்கு என்று பங்கு எடுத்து வைத்துவிடுவார்கள்.

இந்தப் பங்குக்கு மேரை என்று ஒரு பெயர். 'சுதந்திரம்' என்று இன்னொரு பெயர். 1818-இல் எல்லிஸ் மிராசு உரிமை பற்றி எழுதியபோது அந்தச் சொல்லை அப்படியே எடுத்து ஆண்டிருக்கிறார். நாம் 'விடுதலை' என்ற அர்த்தத்தில் பாடுகிற வார்த்தை, இந்தத் தாலுகாவின் பழைய கணக்கில், களத்து நெல்லில் ஒருவனுக்கு உரிய பங்கு என்று பொருள்பட்டது. உணவுப் பாதுகாப்பு என்று இன்று பொருளாதார நிபுணர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஏரிக்கும் அந்தக் குவியலில் பங்கு இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஏரி ஒரு குடும்பத்து நபரைப் போல நெல் வாங்கியது. அந்த நெல்லை உண்டவர்கள் அதன் கரையையும் மதகையும் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் இதையும் பொற்காலமாக்கிவிடக் கூடாது. குடிமராமத்தில் மண் வெட்டிச் சுமந்தவர்களில் பெரும்பான்மையோர் சேரியில் இருந்த பறையர்கள், மிராசுதார் நிலத்தில் படியாட்களாகக் கட்டுண்டவர்கள். வண்டல் போய்ச் சேர்ந்தது மிராசுதாரின் நஞ்சைக்கு. மண்ணின் பயணத்தை ஒரு கோடாக வரைந்து பாருங்கள். மேட்டுத் தரிசிலிருந்தும் மேய்க்காலிலிருந்தும் புஞ்சையிலிருந்தும் மழை மண்ணை எடுக்கிறது, ஏரியில் போடுகிறது, அங்கிருந்து சேரியாள் தலையில் ஏறி, ஊராரின் வயலில் இறங்குகிறது. மேடு ஏழையாகிக்கொண்டே போக, ஆயக்கட்டு கொழுக்கிறது. மழைக்கு ஜாதி கிடையாது. மண் திரும்பிய வழிக்கு இருந்தது.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிந்திய சாட்சியம் உண்டு. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். நிலமில்லாமை, கடன், அடிமைப்பட்ட உழைப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலம் ஒப்படைக்க அரசாணை வந்தது. பிறகு பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்றது அதுதான். தரிசு என்றால் என்ன? பெரும்பாலும் மேடு; நூற்றாண்டுகளாக மழை தன் களியையும் மக்கையும் கீழே இறக்கிவிட்டு மிச்சம் வைத்த சரளை. ஏரியிலிருந்து மண் சுமந்தவனுக்குக் கிடைத்தது, அந்த மண் கிளம்பி வந்த வெற்றிடம். அதுவும் பலருக்குக் கையில் நிற்கவில்லை. 1994 அக்டோபரில் பஞ்சமி நில மீட்புக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது, இருவர் இறந்தார்கள்.

4

அந்தப் பழைய சுற்று எப்போது அறுந்தது? ஒரு தேதியில் அல்ல.

1780-இல் ஹைதர் அலி இறங்கியபோது ஜாகீர் பாழாயிற்று. ஊர்கள் காலியாயின, கரைகள் உடைந்தன. 1794-இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்த்தான். மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையில் வருகிற துரை இவன்தான். பிளேஸ் மிராசு முறையைப் புகழ்ந்தான். அதே கையால் வரியையும் இறுக்கினான். சர்க்காரின் பங்கு முதல் பங்காக மாற, களத்து மேட்டில் முதலில் பிரிந்த ஏரிப் பங்கு கணக்கிலிருந்து மெல்ல மறைந்தது. 1858-இல் வந்த சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கமாகச் செய்துவந்த மராமத்து வேலையைச் செய்யாத குடியைத் தண்டிக்க இடம் கொடுத்தது. நெல் வாங்கிச் செய்த வேலை, இப்போது நெல் இல்லாமல் செய்ய வேண்டிய கடமையாயிற்று. குடிமராமத்து என்ற பழைய மரபே ஓரளவு கம்பெனி அதிகாரிகளின் கற்பனை என்று டேவிட் மோஸ் போன்றவர்கள் வாதிடுகிறார்கள். முழுக்க ஏற்க எனக்குத் தயக்கம். ஆனால் ஒன்று நிச்சயம். வழக்கத்தைச் சட்டமாக எழுத வேண்டி வந்த அன்றைக்கே அதற்குப் பின்னாலிருந்த பங்கு செத்திருந்தது.

1876–78 தாதுவருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் வந்தது. எஞ்சினீயர்கள் கரை, மதகு, கலங்கல் இவற்றை அளந்து வரைபடம் போட்டுச் செப்பனிட்டார்கள். நல்ல வேலைதான். வண்டலை மட்டும் பெரும்பாலும் தொடவில்லை. மண்ணை எடுப்பதைவிடக் கரையை உயர்த்துவது மலிவு. எஞ்சினீயருக்கு ஏரி என்பது தண்ணீர் நிற்கும் பாத்திரம். அடியில் கிடப்பது கொள்ளளவைக் குறைக்கிற கசடு. வயலுக்குப் போக வேண்டிய சொத்து அது என்ற நினைப்பு அவனுடைய கணக்குப் புத்தகத்தின் எந்தப் பத்தியிலும் பொருந்தவில்லை.

மிச்சத்தைச் சுதந்திர இந்தியா செய்தது. 1960-களிலிருந்து மூட்டை உரமும் மின்சார பம்புசெட்டும் வந்தன. வண்டலுக்குப் பதில் யூரியா, மதகுக்குப் பதில் ஆழ்கிணறு. இவற்றால் விளைச்சல் கூடியது, பட்டினி குறைந்தது; அதை மறுப்பது வீம்பு. ஆனால் கிணறு வைத்தவனுக்கு ஏரி தேவைப்படவில்லை. கிணறு வைக்க முடியாதவனுக்கு ஏரியைத் தூர் வார ஆள் பலம் இல்லை. படியாள் முறை தளர்ந்ததும் சேரியிலிருந்து கோடையில் இலவசமாக மண் சுமக்க யாரும் வரவில்லை. ஏன் வர வேண்டும்? இங்கேதான் இந்தச் சரித்திரம் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்த ஏற்பாடு அநியாயமானது. அநியாயம் தளர்ந்தபோது ஏற்பாடும் போய்விட்டது. நியாயமான இன்னொன்றை நாம் கட்டவில்லை.

5

1971-இல் சிப்காட் அமைந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவந்தன. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்து, 2014-இல் மூடிக்கொண்டு போயிற்று. 2010-இல் ஓரகடத்தில் ரெனால்ட்–நிஸான். பிள்ளைப்பாக்கம், வல்லம், வடகால் என்று ஏரிகளின் பெயரைத் தாங்கிய ஊர்கள் தொழிற்பூங்காக்களின் பெயராயின. வேலை வந்தது. சேரியிலிருந்து படித்து வந்த பையனும் பெண்ணும் சீருடை போட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறியது சின்ன விஷயமல்ல. மண் சுமந்த தலை அது. இதை மறந்துவிட்டு 'ஐயோ நிலம்' என்று ஒப்பாரி வைப்பது, மிராசுதாரின் பேரன் வைக்கிற ஒப்பாரியாகிவிடும்.

ஆனால் மண்ணின் கதை வேறு திசையில் போயிற்று. கையகப்படுத்திய நிலத்தைவிட, விலை ஏறும் என்று வாங்கிப் போட்ட நிலம் இந்தத் தாலுகாவில் வேறொரு சேதத்தைச் செய்கிறது. உழாத நிலத்தில் வரப்பு கட்டுகிறவன் இல்லை. வரப்பு உடைந்தால் மழைநீர் ஓடை வெட்டிக்கொண்டு ஓடுகிறது. கட்டுமானத்துக்காக மேலுறை உரித்துத் திறந்து போட்ட மண்ணை ஒரே மழை வரத்துக்காலில் இறக்கிவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்தைப் பற்றிப் பட்டணம் முழுவதும் பேசினோம். எத்தனை கன அடி திறந்தார்கள் என்ற சண்டையில், மேலே உள்ள ஏரிகளின் அடியில் என்ன படிந்திருக்கிறது என்ற கேள்வி மூழ்கிப்போயிற்று.

படிந்ததற்கு இதற்குள் வேறு பெயர் வந்துவிட்டது. 2000 பிப்ரவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கரை போட, சாலை போட, கட்டடத்துக்கு நிரப்பவும் சமன்படுத்தவும் பயன்படும் சாதாரண மண், இனிச் சிறு கனிமம். வார்த்தைகளோடு வாழ்கிறவர்கள் இந்த வரியைப் படித்துப் பார்க்க வேண்டும். மண் தன் இயல்பால் கனிமமாகவில்லை. எதற்குப் பயன்படுகிறது என்பதால் கனிமமாயிற்று. பயிருக்குப் போனால் மண், பள்ளத்துக்குப் போனால் கனிமம். கனிமமானதும் அதற்கு விலை, அனுமதி, லாரி, ஒப்பந்தம். ஓரகடத்து மனையில் நான் பார்த்த நத்தை ஓடுகள் அந்த வழியில் வந்தவை. மேட்டிலிருந்து ஏரிக்கு மழை கொண்டுவந்ததை, ஏரியிலிருந்து மறுபடி மேட்டுக்கே லாரி கொண்டுபோய்விட்டது. சுற்று முடிந்துவிட்டது, நடுவிலிருந்த வயல் மட்டும் விட்டுப்போயிற்று.

நம் சட்டத்தில் 'உணவுப் பாதுகாப்பு' என்ற சொல் இல்லாமலில்லை. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவுக்குத் தலைப்பே அதுதான். பாசன வசதியுள்ள பலபோக நிலத்தைத் தவிர்க்க முடியாத பட்சத்தில் மட்டும், கடைசி வழியாகத்தான் எடுக்கலாம் என்கிறது. தமிழ்நாட்டிலோ தொழில்களுக்கு நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. 2013 சட்டம் இதற்குப் பொருந்தாது என்று மாநிலம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு புதிய சட்டமியற்றிப் பழையதற்கு உயிர் கொடுத்தார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆக, உணவுப் பாதுகாப்பு என்ற தலைப்பு புத்தகத்தில் இருக்கிறது. இந்த நெடுஞ்சாலையின் இருபுறமும் அது செல்லாது.

6

2017 மார்ச்சில், குடிமராமத்து என்ற பெயரை அரசு மீண்டும் எடுத்தது. திட்டத்தைத் தொடங்கிவைத்த இடம் இந்த வட்டாரத்து மணிமங்கலம் ஏரி. நரசிம்மவர்மன் புலிகேசியை முறியடித்த அதே மணிமங்கலம். அடுத்த மாதமே விதி திருத்தப்பட்டு, ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்கலாம் என்றாயிற்று. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. 2024-இல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று இன்னும் எளிதாக்கினார்கள். நல்லது. 75 கன மீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் கனம் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முன்னே சொன்ன சராசரி அரிப்பின்படி பார்த்தால், பதினைந்து வருஷத்தில் போனதை ஒரே கோடையில் திருப்பிக் கொடுக்கிற அளவு. காகிதத்தில் மண்ணுக்குத் திரும்பும் வழி திறந்துவிட்டது.

ஆனால் அளவு ஏக்கருக்குத்தான். நிலமில்லாதவன் கணக்கில் பூஜ்யத்தை 75-ஆல் பெருக்கினாலும் 90-ஆல் பெருக்கினாலும் பூஜ்யம். நிலம் இருப்பவனிலும், நாளைக்கு மனையாகப் போகிற வயலுக்கு இன்று வண்டல் அடிக்க யாருக்கு மனம் வரும்? மண்ணைத் திருப்புவது பத்து வருஷத்துக் காரியம். பத்து வருஷம் அங்கேயே இருப்போம் என்ற நம்பிக்கைதான் அதற்கு முதல் இடுபொருள். 2022 ஆகஸ்டில் பக்கத்துப் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவித்ததிலிருந்து ஏகனாபுரத்து ஜனங்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து போராடிவருவது, நிலத்தோடு இந்த நம்பிக்கையையும் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று நினைக்கிறேன்.

சாப்பாடு? டீக்கடைப் பெரியவர் வீட்டில் யாரும் பட்டினியில்லை. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். பெரும்பாலான அட்டைகளுக்கு மாதம் 20 கிலோ. பசியைப் பார்த்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள். நானும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த அரிசியும் எங்கேயோ ஒரு மண்ணில்தான் விளைகிறது. அங்கேயும் மழை பெய்கிறது. அங்கேயும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் போகிறது. அதைத் திருப்பிக்கொண்டு வருகிறவர் யார், அவருக்குக் களத்தில் பங்கு உண்டா என்பது அட்டையில் அச்சாகியிருக்காது. களத்து நெல்லில் சுதந்திரம் வாங்கியவனுக்கு அந்த மண்ணைப் பற்றிப் பேச ஒரு வாய் இருந்தது. ஒடுங்கிய வாய், ஆனாலும் வாய். அட்டைக்கு அரிசி உண்டு, பேச்சு இல்லை. பெரியவர் 'நாங்களும் எதுவும் கேக்கல' என்றது இதைத்தான்.

பழைய சுற்றுக்குத் திரும்ப முடியாது, திரும்பவும் கூடாது. வேண்டியது கூலியோடும் பங்கோடும், தலைச்சுமையின் இழிவு இல்லாமல், கீழே போனதை மேலே கொண்டுவருகிற இன்னொரு ஏற்பாடு. அது எஞ்சினீயரும் தாசில்தாரும் மட்டும் செய்கிற காரியமல்ல. முதலில், போனது என்ன என்று ஊர் ஊராகக் கணக்கு எழுத வேண்டும். பர்னார்டின் ஆட்களுக்கு வரி வசூலிக்கவாவது அந்தக் கணக்கு தேவைப்பட்டது. எழுதுகிறவர்களான நமக்குத் தேவைப்படவே இல்லை. வாசனையே போதும் என்று இருந்துவிட்டோம்.